அழிந்துபோன பதினோரு வினாடி

என் தங்கை மகள் ஷமீமா சென்னையில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் வேலை செய்கிறாள். போன மாதம் திருவண்ணாமலைக்கு வந்திருந்தபோது, தன் லேப்டாப்பில் ஒரு பாட்டைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டினாள். தப்பாக வெட்டினால் ஒரு பொத்தானை அழுத்துகிறாள். வெட்டுப்பட்டது பழையபடி வந்து ஒட்டிக்கொள்கிறது.

“இது இல்லாம எப்பிடி மாமு வேலை செஞ்சீங்க? தப்பாயிட்டா என்ன பண்ணுவீங்க?”

“தப்பாயிட்டா, போய் சொல்லிடுவோம்” என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு, நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்ததும், என்ன நடந்தது என்று கேட்டாள். வாயால் சொன்னது போதாதாம். அவளோடு வேலை செய்கிறவர்களும் படிக்க வேண்டுமாம். அதனால்தான் எழுதுகிறேன்.

வேலூரில் ரேடியோ மெக்கானிக் படிப்பு, அப்புறம் ஆற்காட்டில் என் பெரியப்பா கடையில் இரண்டு வருஷம் வால்வு ரேடியோ. அதில் சொல்ல ஒன்றுமில்லை. எமர்ஜென்சி முடிந்த வருஷம், இருபத்து நாலு வயதில், திருவண்ணாமலை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டேப் ரெக்கார்டர் கடையில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அதே கடைதான். பெயர்ப்பலகை மூன்று முறை மாறியது, சாமான்கள் முப்பது முறை மாறின, நான் உட்கார்ந்த மேஜை மட்டும் மாறவில்லை.

கடையின் முதலாளி விசாலாட்சி டீச்சர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பெண்கள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். கணவர் கடை ஆரம்பித்து இரண்டாம் வருஷமே இறந்துபோக, கடையை விற்றுவிடுவார் என்று தெருவில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்து கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பழுதுபார்க்கிற வேலையும் தெரியும். கணவர் வைத்திருந்த புத்தகங்களைப் படித்து, பழைய மெஷின்களைப் பிரித்துப் பார்த்து அவராகவே தெரிந்துகொண்டது.

டீச்சர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலைக்காரனான என்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். துடைத்து முடிக்கிற வரைக்கும் எதிரே நிற்பவன் பாடு திண்டாட்டம்தான்.

அவருடைய சட்டங்கள் கொஞ்சம்தான். பழுதுக்கு வரும் கேசட்டை வாங்கியதும் அதன் முதுகில் இரண்டு மூலையிலும் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிட வேண்டும். அது உடைந்திருந்தால் எந்த மெஷினிலும் ரெக்கார்டு பொத்தான் கீழே இறங்காது. உள்ளே இருப்பது அழியாது. வாடிக்கையாளர் பின்னால் அதில் பதிவு செய்ய நினைத்தால் தகடு இருந்த ஓட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் போதும். அடுத்த சட்டம், பிரதி எடுக்கும்போது அசல் எப்போதும் இடது பக்க மெஷினில், வெறும் கேசட் வலது பக்க மெஷினில்.

மூன்றாவது சட்டத்தை நான் சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தார். புருஷன் வளைகுடாவில் கட்டட வேலை. அவருக்கு எழுத வராது, இவருக்குப் படிக்க வராது. கேசட்டில் பேசி அனுப்புவார். அந்த கேசட் சிக்கிக்கொண்டுவிட்டது. டேப்பை எடுத்துச் சரிசெய்து, ஓடுகிறதா என்று பார்க்க ஹெட்போனை மாட்டினேன். டீச்சர் எழுந்து வந்து ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினார்.

“அது லெட்டர், அன்வர். அடுத்தவங்க லெட்டரைப் பிரிச்சுப் படிப்பீங்களா?”

“சத்தம் வருதான்னு பாக்கணுமே டீச்சர்?”

“முள்ளு ஆடுதா பாருங்க. ஆடுனா பேசுதுன்னு அர்த்தம். என்னா பேசுதுன்றது நமக்கு வேணாம்.”

மெஷினின் முகப்பில் சத்தத்தின் அளவைக் காட்டும் ஒரு முள் இருக்கும். அன்றிலிருந்து வீட்டு கேசட் எது வந்தாலும் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு முள்ளை மட்டும் பார்ப்பேன். அந்தப் பெண்ணுக்கு அவருடைய கேசட்டைக் கொடுத்தபோது, “என்னா சொல்லியிருக்காரு?” என்று என்னைக் கேட்டார். “தெரியாதுங்க, நீங்கதான் கேக்கணும்” என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்த பிறகு, அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு கேள்வியும் இல்லை.

நான்கைந்து வருஷம் இப்படியே போனது. எண்பதுகள் பிறந்திருந்தன. ஒரு சித்திரை மாதக் காலையில் ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண் கடைக்கு வந்தார். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு வீட்டு மாடியில் நாலு மாதமாக வாடகைக்கு இருந்தார். வயது நாற்பதை ஒட்டியிருக்கும். கைப்பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து மேஜைமேல் பிரித்தார். உள்ளே ஒரு கேசட். டேப் வெளியே வந்து, கசங்கி, ஒரு இடத்தில் அறுந்திருந்தது. கேசட்டின் உறையும் விரிசல் விட்டிருந்தது. பக்கத்து அறைக்காரருடைய பிளேயர் அதைத் தின்றுவிட்டது.

அவர் ஆங்கிலத்தில் சொல்ல, டீச்சர் எனக்குத் தமிழில் சொன்னார்.

ஹெலனுடைய தம்பி தாமஸ், கனத்த அடிக்குரலில் முழங்கும் பேஸ் கிட்டார் வாசிப்பவர். கூட இரண்டு நண்பர்கள், ஒருவர் ஆர்கன், ஒருவர் டிரம்ஸ். மூன்றே பேர். பாட்டு என்று பெரிதாகக் கிடையாது. ஒரு உருப்படியை இருபது நிமிஷம், இருபத்தைந்து நிமிஷம் வாசிப்பார்களாம். இசைத்தட்டு போடும் அளவுக்கு யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. ஒரு கல்லூரி அரங்கத்தில் வாசித்த அன்று, சபையில் உட்கார்ந்திருந்த ஹெலன் தன் கோட்டுக்குள் ஒரு சின்ன ரெக்கார்டரை வைத்து யாருக்கும் சொல்லாமல் பதிவு செய்திருக்கிறார். நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் மூன்று பேருக்கும் சண்டை. நீ கெடுத்தாய், நீ கெடுத்தாய் என்று பிரிந்தவர்கள் ஏழு வருஷமாகப் பேசவில்லை. தாமஸ் கிட்டாரைத் தொடுவதே இல்லை. அன்றைக்கு மோசமாக வாசித்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். கேசட் இருப்பதாக ஹெலன் சொன்னபோது, தூக்கிப் போடு என்றாராம்.

“அவர் மோசமா வாசிக்கலை. நான் அங்க உக்காந்திருந்தேன். எனக்குத் தெரியும்” என்றார் ஹெலன். அந்த வார்த்தையை மட்டும் தமிழில் சொல்லிப் பார்த்தார்: “எனக்குத் தெரியும்.”

அடுத்த மாதம் ஊர் திரும்பி, தம்பியை உட்காரவைத்து அந்த கேசட்டைக் கேட்கவைப்பது என்று முடிவு செய்திருந்தார். உலகத்தில் அதற்கு வேறு பிரதி இல்லை.

வேலையை டீச்சர் என்னிடம் கொடுத்தார். முதலில் பழைய உறையின் தகடுகள் உடைந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். உடைந்துதான் இருந்தன. பிறகு உறையை ஓரமாகக் கத்தி விட்டுப் பிளந்தேன். கசங்கிய டேப்பைக் கண்ணாடித் தகட்டின்மேல் போட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அங்குலம் அங்குலமாக நீவினேன். அழுத்தினால் டேப்பின் மேலிருக்கும் பழுப்புப் பூச்சு பஞ்சில் வந்துவிடும். பூச்சு போனால் சத்தம் போச்சு. அறுந்த இரண்டு முனைகளையும் சாய்வாக வெட்டி, முட்டுக்கு முட்டு வைத்து, பின்பக்கம் அதற்கென்றே உள்ள ஒட்டு டேப்பை ஒட்டினேன். முழு டேப்பையும் திருகாணி போட்ட புது உறைக்கு மாற்றினேன். இரண்டு நாள் ஆனது.

மூன்றாம் நாள் பிரதி எடுக்க வேண்டும். அசலை இடது மெஷினில் போட்டேன். உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்து, சுழற்சி இழுத்து இழுத்து வந்தது. நல்ல டேப்பை அந்த மெஷினில் விட மனசில்லை. அசலை வலது மெஷினுக்கு மாற்றினேன். இரண்டு மெஷினுக்கும் நடுவில் சத்தத்தைக் கொண்டுபோகிற ஒயரை மாற்றி மாட்டுவதற்காகப் பிடுங்கி வைத்தேன். அதற்கு முன் ஒட்டுப் போட்ட இடம் தடங்கலில்லாமல் ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். வழக்கம்போல் சத்தம் சுத்தமாகக் குறைத்திருந்தது.

வலது மெஷினில் என் கை எப்போதும் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தித்தான் பழக்கம். பிளே, ரெக்கார்டு. நாலைந்து வருஷப் பழக்கம். அழுத்திவிட்டேன்.

பொத்தான் இறங்கியது. ஏன் இறங்காது? பழைய உறையில்தான் தகடு உடைந்திருந்தது. இது புது உறை. தகடுகள் முழுசாக இருந்தன.

முள்ளைப் பார்த்தேன், நன்றாக ஆடியது. ஜன்னல் பக்கம் திரும்பி எதிர்க்கடை டீ மாஸ்டரிடம், “மாஸ்டர், ரெண்டு டீ! ஒண்ணுல சக்கரை கம்மி!” என்று கத்தினேன். “ஆவட்டும் பாய்” என்று பதில் வந்தது. திரும்பியபோது மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நிறுத்தினேன். ஒயர் மாட்டாதபோது ரெக்கார்டு அழுத்தினால், மெஷின் தனக்குள்ளேயே இருக்கும் மைக்கில் விழுவதைப் பதிந்துகொள்ளும். முள் ஆடியது என் குரலுக்கு. தெருவின் சத்தத்துக்கு. டேப்பைப் பின்னால் சுற்றி, ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். ஆர்கனும் டிரம்ஸும் ஒதுங்கி, பேஸ் கிட்டார் மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறது. திடீரென்று பஸ் ஹாரன், என் குரல், டீ, சக்கரை கம்மி, ஆவட்டும் பாய். மறுபடி கிட்டார். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். பதினோரு வினாடி.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பதினோரு வினாடிமேல் வெறும் நிசப்தத்தைப் பதிந்துவிடலாம் என்று தோன்றியது. கசங்கிய இடத்துக்குப் பக்கம்தான். பூச்சு போய்விட்டது என்று சொன்னால் டீச்சரே நம்புவார். விரலைப் பொத்தான்மேல் வைத்துவிட்டேன். வைத்தவன் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். முதல் தடவை கை தவறியது. இப்போது அழுத்தினால் அதற்கு வேறு பெயர். விரலை எடுத்துவிட்டு, முன்பக்கம் போய் டீச்சர் எதிரே நின்றேன்.

நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“எவ்ளோ நேரம் போச்சு?”

“பதினோரு வினாடி, டீச்சர்.”

“மீதி?”

“மீதி நல்லா இருக்கு.”

“வேற எதையும் தொட்டீங்களா?”

“தொடலை.”

“சரி. பெல்ட் மாத்தி, முறையா பிரதி எடுங்க. தகட்டை முதல்ல உடைங்க. மூணு மணிக்குக் கடையை மூடிட்டு ரெண்டு பேரும் போய் சொல்லிட்டு வரலாம்.”

“நான் மட்டும் போறேன் டீச்சர். தப்பு என்னுது.”

“முள்ளை மட்டும் பாருங்கன்னு சொன்னது யாரு? கேட்டுட்டு இருந்திருந்தா அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கும். வாங்க, போலாம்.”

செங்கம் ரோட்டுக்கு ரிக்‌ஷாவில் போனோம். வழியெல்லாம் கேசட் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். ஹெலன் எங்களைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. டீச்சர் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்ததும் நான் தடுத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நானே சொன்னேன். ஐ மேட் மிஸ்டேக். லெவன் செகண்ட்ஸ் காலி. அந்த ‘காலி’ அவருக்குப் புரிந்தது.

அவர் வெளியே மாடி வெயிலில் போய் நின்றார். மலையைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து, “போடுங்க” என்றார்.

கொண்டுபோயிருந்த மெஷினில் போட்டேன். அன்றுதான் அந்த இசையை நான் முழுசாகக் கேட்டேன். தூரத்திலிருந்து வருகிற மாதிரி இருந்தது. கோட்டு உரசுகிற சத்தம், யாரோ இருமுவது, முடிவதற்கு முன்பே ஒருவர் கைதட்டி நிறுத்திக்கொள்வது எல்லாம் கேட்டது. ஆனால் மூன்று பேரா வாசிக்கிறார்கள் என்று சந்தேகமாக இருந்தது. டீச்சர் தொடையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தவர், சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

“ஏழு வருது அன்வர். மூணும் நாலும். தகிட, தகதிமி. சாமி பொறப்பாட்டுல தவுல்காரர் அடிப்பாரே, அதேதான்.”

அப்புறம் பேஸ் கிட்டார் தனியாக வந்தது. அப்புறம் என் குரல் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஹெலன் சிரிக்கவில்லை. கடைசிவரை கேட்டார். இரண்டு கேசட்டையும் வாங்கிக்கொண்டு, “வந்து சொன்னதுக்கு நன்றி” என்றார். அவ்வளவுதான். பத்து நாளில் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். அவர் காதில் விழாத மாதிரி ஒரு கேசட்டை என் முன்னால் வைத்தார். கீழ்பென்னாத்தூர் பெண்ணின் கேசட், இன்னொன்று சிக்கியிருந்தது. “அந்தம்மா பன்னெண்டு மணி பஸ்ஸுக்குப் போவணுமாம்” என்றார். நான் திருப்புளியை எடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் சட்டத்தில் ஒரு வரி கூடியது: உறை மாற்றினால் தகட்டை மறுபடி பார்க்க வேண்டும். இடது, வலது, புதுசு, பழசு எதுவானாலும், பொத்தானில் கை வைக்குமுன் வாயால் ‘தகடு’ என்று சொல்லிவிட்டுத்தான் அழுத்துவேன். பார்க்கிறவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு இசைத்தட்டு. அட்டையில் படம் கிடையாது. மூன்று பேரின் பெயரும், அதன்கீழே ‘சபையில் இருந்தவர் பதிவு செய்தது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் மட்டும். கூடவே ஹெலனின் நீண்ட கடிதம். டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார்.

ஊர் போனதும் தம்பியை மட்டும் கூப்பிடாமல், மற்ற இரண்டு பேரையும் தந்திரமாக அதே நாளில் வீட்டுக்கு வரவழைத்திருக்கிறார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்களாம். கேசட் ஓடியது. தாமஸின் தனி வாசிப்பு வந்தபோது அவர் எழுந்து போகப் பார்த்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து என் குரல். டிரம்ஸ்காரர் பயந்துபோய், “யாருடா இது?” என்றாராம். இந்தியாவில் ஒருத்தர் டீ கேட்கிறார், சர்க்கரை குறைவாக, என்று ஹெலன் சொன்னதும், முதலில் டிரம்ஸ்காரர் சிரிக்க, அப்புறம் ஆர்கன்காரர், கடைசியில் தாமஸ். சிரித்து அடங்கியதும், ஆர்கன்காரர் முதல் தடவையாகத் தாமஸைப் பார்த்து, “முதல்லேந்து போடச் சொல்லு. நீ நல்லாத்தான் வாசிச்சிருக்கே” என்றாராம்.

“அந்தக் குரலை எடுத்துடலாமான்னு மூணு பேரும் ஒரு வாரம் வாதம் பண்ணாங்களாம்” என்று டீச்சர் கடிதத்தைப் பார்த்தபடி சொன்னார். “அப்புறம், இருக்கட்டும்னு விட்டுட்டாங்களாம்.”

“ஐயோ, தட்டுலயும் இருக்கா?”

“இருக்கு. உலகமெல்லாம் டீ சொல்லிட்டீங்க.” அன்றுதான் டீச்சர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன்.

மேலும் மூன்று வருஷம் போயிருக்கும். ஒரு நாள் காலை பதினோரு மணிவாக்கில் ஹெலன் கடை வாசலில் வந்து நின்றார். பின்னால் நெட்டையாக, முதுகில் கறுப்புப் பெட்டியோடு ஒருவர். அறிமுகப்படுத்தவே தேவையில்லை, அக்கா மூக்கு அப்படியே இருந்தது. தாமஸ் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான், “சாரி” என்றேன். அஞ்சு வருஷமாக அவரிடம் சொல்ல வைத்திருந்த ஒரே சொல் அது.

அவர் டீச்சரிடம் ஏதோ கேட்டார். கல்யாண வீடுகளுக்கு நாங்கள் வாடகைக்கு விடும் ஆம்ப்ளிபையரும் பெட்டி ஸ்பீக்கரும் மூலையில் இருந்தன. டீச்சர் என்னைப் பார்த்து, “மாட்டிக் குடுங்க” என்றார். தாமஸ் பெட்டியைத் திறந்து கிட்டாரை எடுத்து, என் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து, அக்காவிடம் சொல்ல, அக்கா டீச்சரிடம் சொல்ல, டீச்சர் என்னிடம் சொன்னார்:

“நீங்க அழிச்ச பதினோரு வினாடியை உங்களுக்கு வாசிச்சுக் காட்டணுமாம். அன்னைக்கு என்னா வாசிச்சார்னு அவருக்கே ஞாபகம் இல்லையாம். ஆனா இப்பிடித்தான் இருந்திருக்கும்ன்றார்.”

கண்ணை மூடி ஆரம்பித்தார். கண்ணாடி அலமாரியில் இருந்த கேசட்டுகள் எல்லாம் கிடுகிடுவென்று ஆடின. பஸ்ஸுக்கு நின்றவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். டீச்சர் கல்லா மேஜையில் ஏழு எண்ணித் தட்டினார். நான் சத்தமே வராமல் முள்ளைப் பார்த்தே வருஷங்களைக் கழித்தவன், சுவரோடு சாய்ந்து நின்று, காது நிறையக் கேட்டேன்.

பதினோரு வினாடியில் அவர் நிறுத்தவில்லை. கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து, ஆளில்லாமல் கிளம்பிப் போயிற்று.